நான் நூலகத்தை மேம்படுத்திய விதம்

செகந்திராபாத் பக்கத்துப் பாலாநகரில் எங்கள் தொழிற்சாலை நூலகத்தைக் கரையான் தின்னவில்லை, மழை நாசமாக்கவில்லை. நான்தான் ஒழித்தேன். அதுவும் மேம்படுத்தப் போய்.

எண்பதுகளின் நடுவில் அங்கே நூலகராக இருந்தேன். தில்லிக்கு ஒரு வாரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஊகத்தை நம்பாதே, வாசகரைக் கேள், ஆதாரம் திரட்டி அதன்படி நூலகத்தை மாற்று என்றார்கள். பாடம் சரிதான், படித்தவன்தான் சரியில்லை. (திரும்பும் ரயிலிலேயே எதிர் இருக்கைக்காரரிடம் கேள்வி கேட்டுப் பழகினேன். அவர் பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.)

எனக்குச் சொந்தக் காரணமும் இருந்தது. மகள் வித்யா மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். எங்களுடையது ஒற்றை அறைக் குவார்ட்டர்ஸ். காலனிப் பிள்ளைகள் மாலையில் படிக்க நூலகத்தில் ஓர் அறை உண்டு. அவளுக்கு அதுதான் கதி. அந்த அறைக்கு நல்ல விளக்கும் புதிய பாடநூல்களும் கேட்க ஆதாரம் வேண்டியிருந்தது.

ஸ்டென்சில் வெட்டிப் படிவம் அடித்தேன். எப்போது வருவீர்கள், எவ்வளவு நேரம் இருப்பீர்கள் என்று அருமையான கேள்விகள். எல்லாவற்றுக்கும் மேலே, ஒழுங்குக்காக ஒரு கட்டம்: ஸ்டாஃப் நம்பர்.

எல்லாப் படிவங்களிலும் ஒரே பதில்: 'நூலகத்துக்கு வருவதில்லை.' பலர் நூலகத்தில் என் எதிரிலேயே உட்கார்ந்து, என் பேனாவை வாங்கி அப்படி எழுதினார்கள். கண்ணால் பார்ப்பது ஊகம், காகிதத்தில் இருப்பது ஆதாரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாருமே வரவில்லை என்றால் நிர்வாகம் பதறிப்போய் வசதி செய்து தரும் என்று நம்பி அறிக்கையும் அனுப்பினேன்.

நிர்வாகம் பதறவில்லை. யாரும் வராத இடம் சாமான் அடுக்க ஸ்டோர்ஸுக்குப் போகட்டும் என்று உத்தரவு போட்டது.

தினமும் டீ நேரம் முடிந்தும் நூலகத்தை விட்டு எழுந்து போகாத ஃபிட்டர் சேகரைப் பிடித்தேன். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர்; பேச்சில் அந்த ஊர் உருது கலந்து வரும்.

"வர்றதே இல்லைன்னு எழுதினியே, நியாயமா?"

"ஹவ் சார், எழுதினேன். நம்பரைப் போட்டு, டியூட்டி டைம்ல இங்கதான் இருந்தேன்னு நானே எழுதிக் குடுத்து மெமோ வாங்கணுமா? நக்கோ சார், வேணாம்! நீங்க விஜிலன்ஸ்ல சேர்ந்துட்டீங்கன்னுதான் ஒர்க்‌ஷாப் பூரா பேச்சு."

அன்று மாலை, பூட்டிய கதவின் முன்னால் வித்யா பையோடு நின்றாள். அவளுக்குத் தமிழ் புரியும். பதில் தெலுங்கில்தான் வரும். "நன்னெவரூ அடகலேதே, அப்பா" என்றாள். என்னை யாரும் கேட்கவில்லையே என்று.

உண்மை. ஸ்டாஃப் நம்பர் இல்லாதவர்களுக்குப் படிவம் கொடுக்க எனக்குத் தோன்றவே இல்லை.

அவளுக்கு மருத்துவ இடம் கிடைக்கவில்லை. அறை இருந்திருந்தால் கிடைத்திருக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஊகம் மட்டும் இருக்கிறது. அது என்னை விடுவதாக இல்லை.

இப்போது அவள் புனேயில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போனில் நான் நலம் விசாரித்தால், பின்னாலிருந்து என் மனைவி கத்துவாள்: "சௌக்கியம்னு மட்டும் சொல்லுடி! வேற ஏதாவது சொன்னா உங்கப்பா ஃபாரம் அடிச்சு அனுப்பிடுவார்!" இருவரும் சிரிப்பார்கள். பிறகு வித்யா, "பாகுன்னானு அப்பா" என்பாள். நன்றாகத்தான் இருக்கிறேன் என்று.

ஒவ்வொரு வாரமும் இதே பதில்தான். எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிடப் போவார்கள். நான் மட்டும் போன் பக்கத்திலேயே உட்கார்ந்து, எல்லாப் படிவங்களிலும் இருந்த அந்த ஒரே பதிலை நினைத்துக்கொண்டிருப்பேன்.