பூர்வீகம் பாயின் கார் வயலுக்கு வந்தது

திருவாரூரில் வண்டி வைத்திருந்த ஒருவரும் பூர்வீகம் பாயிடம் மாட்டாமல் தப்பியதில்லை. மாட்டியவர்கள் சீக்கிரம் வீடு திரும்பியதும் இல்லை. பால் வாங்கப் போன மனுஷன் தயிரோடு வந்தார் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். தெரு மிகைப்படுத்தும்தான். ஆனால் அந்த மனுஷன் நான். அது தயிராகவில்லை, திரிந்துதான் போயிருந்தது.

பாய் வைத்திருந்தது சீட் கவர் கடை. மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு ரெக்சின் தைத்து மாட்டுவார். அதற்கு முன்பு குவைத்தில் ஒரு உதிரி பாகக் குடோனில் பல வருஷம் இருந்தார். அங்கே வேலை கம்மி, பழைய கார் புத்தகங்கள் அதிகம். மற்றவர்கள் தங்கமும் போர்வையும் கொண்டுவந்தார்கள். பாய் உலகத்து வண்டிக் கம்பெனிகளின் குடும்ப வரலாற்றைத் தலையில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார்.

எந்தக் கம்பெனியின் பெயரையும் அவர் சொல்ல மாட்டார். வண்டி செய்வதற்கு முன்னால் அந்தக் கம்பெனி என்ன செய்துகொண்டிருந்ததோ, அதுதான் அவருக்குப் பெயர். என் மோட்டார் சைக்கிளைச் செய்தவர்கள் ஆதியில் துப்பாக்கி செய்தவர்களாம். ஆகவே நான் 'துப்பாக்கி'. எதிர்வீட்டு வாத்தியாருடைய வண்டிக் கம்பெனி முன்பு நெசவுத் தறி செய்தது, அவர் 'தறி'. என் அண்ணன் வண்டியின் கம்பெனி ஆர்மோனியம் மாதிரி ஒரு வாத்தியம் செய்து பிழைத்தது, அவன் 'ஆர்மோனியம்'. டாக்டரம்மாவின் பழைய ஸ்கூட்டர், தன் நாடு போரில் தோற்றதால் விமானம் செய்ய வழியில்லாமல் போன ஒரு கம்பெனியுடையது. "டாக்டரம்மா இப்பதான் விமானத்துல போனாங்க" என்று பாய் சொல்ல, வெளியூர் நோயாளி ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊருக்கே திரும்பிவிட்டார்.

இவ்வளவு தெரிந்தவருக்கு ரிப்பேர் தெரியுமா என்றால், தெரியாது. ஸ்பார்க் பிளக்கை எந்தப் பக்கம் திருகுவது என்பதில் அவருக்குக் கடைசிவரை சந்தேகம் உண்டு. ஒருமுறை என் வண்டி அவர் கடை வாசலிலேயே நின்றுவிட்டது. ஓடி வந்தார், குனிந்தார், எஞ்சினைப் பாசத்தோடு பார்த்தார்.

"தம்பி, இந்த டிசைன் வரைஞ்சவன் முதல்ல கடியாரக் கடையில இருந்தான்."

"சரி பாய், இப்ப ஏன் ஓடல?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

பெட்ரோல் தீர்ந்திருந்தது. அதை நானும் பார்க்கவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்லத் தேவையில்லை.

எனக்குப் பெண் பார்த்த சமயம். பெண் வீடு கீழ்வேளூர். மாப்பிள்ளை எப்படி என்று விசாரிக்க, பெண்ணின் தாய்மாமன் எங்கள் தெருவுக்கு வந்தார். தெருவில் நாற்பது வீடு இருக்க, நேராக பாய் கடைக்குப் போனார்.

"பையன் எப்படிங்க பாய்?"

"தங்கமான பையன். இன்சூரன்ஸ் ஆபீஸ்ல வேலை. ஒரு துப்பாக்கி வச்சிருக்கான்."

"என்னது?"

"பழசுதான். ஆனா சத்தம் நல்லா வரும். ஞாயித்துக்கிழமை வெளிய எடுத்து துடைப்பான். அவங்க அண்ணன் ஆர்மோனியம் வச்சிருந்தான், அதை வித்துட்டு இப்ப சும்மா சுத்துறான்."

தாய்மாமன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு பஸ் ஏறினார். மறுநாள் தரகர் வந்து, "உங்க குடும்பத்துல ஏதோ நாடகக் கோஷ்டி, போலீஸ் கேஸ் எல்லாம் இருக்காமே" என்று என் அப்பாவிடம் கேட்டார்.

விஷயம் தெரிந்ததும் பாய் பதறிப்போய்விட்டார். தானே கீழ்வேளூர் போய் விளக்கிவிட்டு வந்தார். காலையில் போனவர் விளக்கு வைக்கும்போதுதான் திரும்பினார். இங்கிலாந்தில் சைக்கிள் பிறந்த கதையிலிருந்து ஆரம்பித்திருக்கிறார். வருங்கால மாமனார் மதியத்துக்கு மேல், "பொண்ணு குடுக்கறோங்க, குடுக்கறோம்" என்று எழுந்து நின்று சொல்லியும், இரண்டாம் உலகப் போர் பாக்கி இருந்ததால் பாய் நிறுத்தவில்லை. என் கல்யாணம் நடந்தது என் தகுதியால் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். மனைவி சுமதிதான் அந்த நினைப்பைத் திருத்தினாள்.

பாயிடம் ஒரு கார் இருந்தது. தரங்கம்பாடிப் பக்கம் ஒரு தோப்பில், கோழி அடைந்துகொண்டிருந்த வண்டியை வாங்கி, திருவாரூர் முழுக்க இருந்த மெக்கானிக்குகளை அழவைத்து உயிர் கொடுத்தது. இங்கிலாந்தில் பிறந்து, பாகம் பாகமாகக் கப்பலில் மெட்ராஸ் வந்து ஒன்றுசேர்க்கப்பட்ட குண்டுக் கார். வெள்ளிக்கிழமை தொழுகைக்கு மட்டும் வெளியே வரும். ஏறுகிறவர் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் காரைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் பாயின் குரல் இறங்கிவிடும்.

"இந்த எஞ்சினுக்கு ரெண்டு உடன்பிறப்பு இருக்கு தம்பி. இதே எஞ்சினைத்தான் அந்த நாட்டுல டிராக்டர்ல வச்சான். இதையேதான் ரேஸ் காருலயும் வச்சான். ஒருத்தன் சேத்துல, ஒருத்தன் ரேஸ்ல, ஒருத்தன் நம்ம வாசல்ல."

கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து எனக்கு விவசாய ஆசை வந்தது. ஏர்கண்டிஷன் ஆபீஸில் உட்கார்ந்து இயற்கை விவசாய வீடியோக்கள் பார்த்ததன் விளைவு. மாமனாரிடம் போய், "மூணு மா நிலத்தை எங்கிட்ட விடுங்க மாமா, பழைய ரகம் போட்டுக் காட்டறேன்" என்றேன். மூன்று மா என்றால் ஏறக்குறைய ஒரு ஏக்கர். அதற்கு மாப்பிள்ளைச் சம்பா நெல்லைத் தேர்ந்தெடுத்தேன். பெயரில் ஒரு உரிமை இருப்பதாகத் தோன்றியது. மாமனார் ஒன்றும் சொல்லாமல் சம்மதித்தார். அவர் கொடுத்தது அந்த வட்டாரத்திலேயே பள்ளமான நிலம் என்பது நடவு முடிந்த பிறகு தெரிந்தது.

அந்தக் கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. விடாமல் பெய்தது. நான் போய்ப் பார்த்தபோது வயல் இல்லை, குளம் இருந்தது. நட்ட பயிர் அடியில் எங்கேயோ கிடந்தது. வடிகால் வாய்க்காலில் தண்ணீர் என் வயலைவிட உயரத்தில் ஓடியது. பக்கத்து வயல்காரர் மாரிமுத்து அண்ணன் வரப்பில் நின்று பீடி பற்றவைத்தார்.

"ரெண்டு நாளைக்குள்ள எறைச்சு வாய்க்கால்ல விட்டா பொழைக்கும் மாப்ள. இல்லன்னா அழுகிடும்."

"எஞ்சின் வாடகைக்குக் கிடைக்குமாண்ணே?"

"ஊரெல்லாம் முங்கிக் கெடக்கு, யார் குடுப்பா? எங்கிட்ட பம்பு இருக்கு. எஞ்சின் படுத்துடுச்சு."

அன்று ஊர் திரும்பியபோது என் முகம் எப்படி இருந்ததோ, பாய் கூப்பிட்டு உட்காரவைத்தார். வண்டிக் கதை ஒன்றும் சொல்லவில்லை. முழுக்கக் கேட்டார். "மாமா ஒண்ணும் சொல்ல மாட்டாரு பாய். அதுதான் பயமா இருக்கு" என்றேன். ஆபீஸில் எல்லோரிடமும் அரிசி தருவதாகச் சொல்லிவைத்திருந்ததையும் சொன்னேன். நாற்பது வயதில் மூன்று மா நிலத்துக்காக சீட் கவர் கடையில் அழுத முதல் இன்சூரன்ஸ்காரன் நானாகத்தான் இருப்பேன்.

பாய் ரெக்சினை மடித்து வைத்தார்.

"அமெரிக்காவுல அந்தக் காலத்து விவசாயி என்ன பண்ணான் தெரியுமா? காரோட பின்சக்கரத்தை ஜாக்கி வச்சுத் தூக்கி, அதுல பெல்ட்டை மாட்டி, மாவு அரைச்சான், மரம் அறுத்தான், தண்ணி எறைச்சான்."

"சரி பாய்."

"என்ன சரி? காலையில கெளம்பணும். செருப்பு போட்டுக்கிட்டே ஏறுங்க."

விடிந்ததும் கிளம்பினோம். பாய், சுமதி, நான். வெள்ளிக்கிழமை அல்லாத ஒரு நாளில் அந்தக் கார் நகர்வதைப் பார்த்து 'தறி' வாத்தியார் பல் தேய்ப்பதை நிறுத்திவிட்டார். வயலை ஒட்டிய மண்ரோட்டில் காரைப் பின்பக்கமாகக் கொண்டுபோய் நிறுத்தினோம். ஒரு பின்சக்கரத்தைத் தூக்கி டயரைக் கழற்றினோம். மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்தோம். மாரிமுத்து அண்ணன் பம்பைக் கொண்டுவந்து இறக்கி, முளை அடித்து நிறுத்தி, பெல்ட்டை மாட்டினார். சுற்றிலும் நல்ல கூட்டம். நான் பேன்ட்டை மடித்துக்கொண்டு முக்கியமான ஆள் போல நின்றேன்.

பாய் பிஸ்மில்லா சொல்லி ஸ்டார்ட் செய்தார். சக்கரம் சுற்றியது. பெல்ட் ஓடியது. பம்பு உறுமியது. தண்ணீர் வரவில்லை. நான் குழாய்க்குள் எட்டிப் பார்த்தேன். கூட்டத்தில் ஒருவர், "உள்ள போயிடாதீங்க மாப்ள" என்றார்.

"அந்தக் காலத்துல அமெரிக்காவுல..." என்று பாய் ஆரம்பித்தார்.

சுமதிதான் குறுக்கே வந்தாள். "பம்பு மேல அம்புக்குறி அந்தப் பக்கம் போட்டிருக்கு. இது இந்தப் பக்கம்ல சுத்துது?"

மாரிமுத்து அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். பெல்ட்டைக் கழற்றி எட்டு மாதிரி முறுக்கி மாட்டினார். பாய் மறுபடி முடுக்கினார். பம்பு இருமியது. பிறகு யானை துதிக்கையைத் தூக்கியதுபோல வாய்க்காலுக்குள் தண்ணீர் கொட்டியது. கூட்டம் கத்தியது. பாய் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிரித்தார். வாயில் இருந்த பற்கள் அத்தனையும் அன்றுதான் பார்த்தேன்.

பகல் முழுக்க ஓடியது. எஞ்சின் கொதித்தது. நான் குடத்தில் தண்ணீர் மொண்டு ரேடியேட்டருக்கு ஊற்றினேன். வழுக்கி விழுந்தேன், எழுந்து மறுபடி ஊற்றினேன். நடுவில் மாமனார் குடையோடு வந்தார். காரைப் பார்த்தார், சேற்றுப் பொம்மையாக நின்ற என்னைப் பார்த்தார், இன்னொரு குடத்தை எடுத்துக்கொண்டு அவரும் வாய்க்காலில் இறங்கினார்.

"பாய், சத்தம் மாறுதுங்க. நிறுத்திடலாம்" என்றேன் சாயங்காலம். எனக்கே கேட்குமளவுக்கு மாறியிருந்தது.

"பயிர் தலை தெரியுதா?"

"பாதி தெரியுது."

"அப்ப மீதி தெரியட்டும்."

மீதியும் தெரிந்தது. வரிசை வரிசையாகப் பச்சை நுனிகள் தண்ணீருக்கு மேலே வந்தன. அதற்குச் சற்று நேரத்தில் காருக்குள் 'டங்' என்று ஒரு சத்தம். எல்லாம் நின்றுபோயிற்று. பாய் இறங்கி வந்து பானெட்டின் மேல் கையை வைத்தார். சூடு கையைச் சுட்டிருக்கும். எடுக்கவில்லை.

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். "போங்க தம்பி, போய்க் கால் கழுவுங்க" என்றார்.

எஞ்சின் உள்ளே உடைந்துவிட்டது, இதற்கு உதிரி பாகம் இனி எங்கேயும் கிடைக்காது என்று மெக்கானிக் சொன்னார். நான் தேடாத இடமில்லை. கோயமுத்தூர்வரை போய் வந்தேன். தவறான கார் ஒன்றின் கதவுக் கைப்பிடியோடு திரும்பினேன். பாய் ஒரு குறையும் சொல்லவில்லை. வேறு எதுவும் சொல்லவில்லை என்பதுதான் கஷ்டம். கடைக்கு வந்த வண்டிகளுக்குச் சத்தமில்லாமல் கவர் தைத்தார். யாரையும் துப்பாக்கி என்றோ தறி என்றோ கூப்பிடவில்லை. தெருவில் எல்லோரும் குறித்த நேரத்துக்கு வீடு திரும்பினார்கள். பால் பாலாகவே வந்தது. ஒருவருக்கும் அது பிடிக்கவில்லை.

தை பிறந்து அறுவடை வந்தது. பாயை வற்புறுத்தி பஸ்ஸில் கூட்டிப்போனேன். வரப்பில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, முற்றிச் சாய்ந்திருந்த கதிர்களைப் பார்த்தபடி நின்றார். அறுவடை மெஷின் வந்தது. மணிக்கணக்கில் வாடகை, அதற்குப் பின்னால் இன்னும் நாலு வயல்காரர்கள் காத்திருந்தார்கள். டிரைவர் எஞ்சினை முடுக்கினார்.

பாயின் தலை மெல்லத் திரும்பியது. காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு வரப்பிலிருந்து இறங்கி விறுவிறுவென்று மெஷின் முன்னால் போய் நின்று கையைக் காட்டினார்.

"தம்பி, ஒரு நிமிஷம் நிறுத்துங்க. இந்த எஞ்சின் பண்ணினவன் முதல்ல என்ன பண்ணிக்கிட்டிருந்தான் தெரியுமா?"

டிரைவர் மணியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "சார், வாடகை ஓடுது சார்."

"ஓடட்டும்ப்பா, அவரு சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டு, கேட்பதற்கு வசதியாக நான் வரப்பில் உட்கார்ந்தேன்.