மூன்று ராஜாவும் ரம்யாவின் கல்யாண மண்டபமும்

பூண்டி,
வியாழக்கிழமை, மழை விட்ட பிறகு

மதிப்பிற்குரிய மச்சான் தண்டாயுதபாணி அவர்களுக்கு,

தங்கள் தங்கை வீட்டுக்காரன் ஜெயமுருகன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு யாவரும் நலம். தங்கள் முழங்காலும் அக்காவும் நலமா? போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் சொன்னால் தங்கள் தங்கை ராஜகுமாரி பக்கத்தில் நின்று திருத்திக்கொண்டே இருப்பாள். அதனால் கடிதம்.

எங்கள் மகள் ரம்யாவின் கல்யாணம் பூண்டியில், நம் கோவில் பந்தலில்தான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன் அல்லவா? அது கொடைக்கானல் மண்டபத்துக்குப் போய்விட்டது. சீட்டாட்டத்தில் போனது. பதறி எழுந்திருக்க வேண்டாம், முழங்கால் முக்கியம்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை பிரதீப்பின் அப்பா நல்லையா முகூர்த்தம் குறிக்க வந்திருந்தார். கொடைக்கானல்காரர், கப்பலில் சமையல் பார்த்து ஓய்வு பெற்றவர், தங்கமான மனிதர். நாள் சட்டென்று அமைந்தது, இடம்தான் அமையவில்லை. பூண்டி ரோட்டில் வந்தால் தம் சொந்தக்காரர்களின் இடுப்பு கழன்றுவிடும் என்றார் அவர். கழன்ற இடுப்பைப் பூட்ட எங்கள் ஊரில் ஆள் உண்டு என்றேன் நான். பேச்சு அதிலிருந்து தடித்து, அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். ரம்யா காபி டம்ளரை டங்கென்று வைத்தாள். நல்லவேளையாக, வழியில் மரம் சாய்ந்து கிடக்கிறது, வண்டி போகாது என்று தகவல் வந்தது. கோபித்துக்கொண்டவர்கள் ஒரே அறையில் எவ்வளவு நேரம்தான் சுவரைப் பார்ப்பது? அவரே பையிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்தார். கப்பலில் பழகிய போக்கர் ஆட்டமாம். ஜெயித்தவர் சொல்லும் இடத்தில் கல்யாணம். காசுக்குப் பதிலாக ராஜகுமாரி உரித்து வைத்திருந்த மலைப்பூண்டை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம்.

ஆட்டம் இதுதான். ஆளுக்கு இரண்டு சீட்டு, மறைவாக. நடுவில் பொதுவாக ஐந்து சீட்டு, முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியில் ஒன்று என்று திறக்கும். எல்லாம் சேர்த்து யாரிடம் நல்ல ஐந்து சேருகிறதோ அவருக்கு நடுவில் கிடக்கும் பூண்டு.

எடுத்ததும் எனக்கு இரண்டு ஏஸ். கை நிறையப் பூண்டை அள்ளி நடுவில் கொட்டினேன். சம்பந்தி என் முகத்தைப் பார்த்தார், சீட்டைக் கவிழ்த்து ஆட்டத்தை விட்டுவிட்டார். அத்தனை நல்ல சீட்டுக்கு எனக்குக் கிடைத்தது ஒரு பல் பூண்டு. அப்போது அவரே சொன்னார்: "நல்ல சீட்டு வந்தா ரெண்டு வழி இருக்குங்க. ஒண்ணு, வெரசா பந்தயத்த ஏத்தி எதிராளிய மெரட்டணும். இல்லேன்னா ஒண்ணுமே இல்லாத மாதிரி கெடந்து அவன ஏத்த விடணும். எப்ப எதுங்கிறதுதான் இதுல சோலியே."

இரண்டாவது வழி எனக்குப் பிடித்துப்போனது. கொஞ்ச நேரத்தில் கையில் இரண்டு ராஜா வந்தார்கள். நடுவிலும் ஒரு ராஜா திறந்தார், கூடவே சிவப்பு இதயம் போட்ட ஆட்டின் சீட்டு இரண்டு. மூன்று ராஜா, மச்சான்! பூண்டைத் தொடாமல், ஏற்றவில்லை என்பதற்கு அடையாளமாக மேசையைத் தட்டிவிட்டு, கேரட்டை மழை கொண்டுபோனவன்போல ஜன்னலைப் பார்த்தேன். நடிப்பு நன்றாக அமைந்துவிட்டது. ராஜகுமாரி நெற்றியைத் தொட்டுப் பார்த்து மிளகு ரசம் வைக்கப் போனாள். சம்பந்தியும் இரக்கப்பட்டு ஒரு பல்கூட ஏற்றாமல் மேசையைத் தட்டினார். நான்காவது சீட்டுக்கும் அப்படியே. என் பின்னால் நின்ற ரம்யா முதுகில் குத்தி, "எதையாச்சும் பண்ணுங்கப்பா" என்றாள். குழந்தைக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன்.

கடைசிச் சீட்டும் ஆட்டின். சம்பந்தி தம் பூண்டு முழுவதையும் மெல்ல நடுவில் நகர்த்தினார். மாட்டிக்கொண்டார் என்று என்னுடையதையும் தள்ளி, மூன்று ராஜாவையும் வரிசையாக வைத்தேன். அவர் கையில் இருந்த இரண்டும் ஆட்டின். ஐந்தும் ஒரே இனமாகச் சேர்ந்துவிட்டால் மூன்று ராஜாவும் அதற்குக் கீழேதானாம்.

"நடுவுல ரெண்டு ஆட்டின் கெடக்கையில என்னைய சும்மா விடலாமா? முதல்லயே ஏத்திருந்தா ஓடிப்போயிருப்பேனே" என்று எனக்காக வருத்தப்பட்டார். ராஜகுமாரி பூண்டை அள்ளி ரசத்தில் போட்டாள். மரத்தை அறுத்து வழி விட்டதும் அவர் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, ரம்யா வீட்டுக்கு வருவதே போதும், இடத்துக்காக முறைத்ததை மறந்துவிடச் சொன்னார்.  மறுநாள் விஷயத்தைச் சொன்னபோது பந்தல் போடும் மாயன், இறக்கி வைத்திருந்த மூங்கில்களை மறுபடி தோளில் ஏற்றிக்கொண்டு போனார். திட்டியிருந்தால் தேவலை.

ஆகவே தீர்மானித்துவிட்டேன். இனி நல்லது கைக்கு வந்தால் அந்தக் கணமே வாயைத் திறந்து சொல்லிவிடுவேன். ஒளித்து வைக்கும் பழக்கம் இனி இல்லை. தாங்கள் குடும்பத்துடன் நேராகக் கொடைக்கானல் வந்து, ரம்யாவின் தலையில் தாய்மாமனாக அட்சதை போட வேண்டும். அக்காவுக்கு வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி, முழங்காலுக்குத் தைலம் தனியே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஜெயமுருகன்

பி.கு.: ஒட்டிய கவரைப் பிரித்து எழுதுகிறேன். காலையில் சம்பந்தி போன் செய்தார். அந்த முகூர்த்தத்துக்குக் கொடைக்கானலில் மண்டபம் இல்லையாம், பூண்டியிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனாலும் உடனே சரி என்றால் நம் மதிப்பு என்ன ஆவது? ஊரைக் கலந்து மத்தியானம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். மத்தியானம் கூப்பிட்டால், எனக்கு வீண் தொந்தரவு வேண்டாமென்று அவர் மலைக்குக் கீழே வத்தலக்குண்டில் மண்டபம் பிடித்துவிட்டார். தாங்கள் நேராக வத்தலக்குண்டு வந்துவிடவும். ராஜகுமாரி என்னோடு பேசுவதில்லை. கல்யாணத்துக்கு முன் ஒரு நடை வந்து அவளைச் சமாதானப்படுத்தினால் நல்லது.