வாவிக் காட்சியைக் காத்த சங்கம்

மானுட நாகரிகம் குகையில் பிறந்து, குடிசையில் தவழ்ந்து, இறுதியில் மட்டக்களப்பின் பழந்துறையிலேதான் நிறைவெய்தியது என்பதை இனி எவரும் மறுக்கவியலாது. கப்பல் வராத அத்துறையைக் 'கலப்புப் பயன்பாட்டு மரபு வளாகம்' ஆக்கிவிட்டார்கள். சுங்கக் கொட்டகையில் கோப்பி விற்றார்கள். முன்னொரு காலம் வாவிக்கு அப்பால் படுவான்கரை வயல்களிலிருந்து வந்த நெல் உறங்கிய கிட்டங்கியில், இப்போது குடியிருப்போர் சங்கச் செயலாளர் உதயரூபன் உறங்கினார். நெல்லைவிட நன்றாகவே உறங்கினார்.

தை மாதம் மழை அடைத்துப் பெய்தது. வாவி தளும்பி மாடங்களின் கீழே கண்ணாடியாய் விரிந்தது. விளம்பரத்தில் வாக்களித்த அதே காட்சி! அந்தப் பொன்வேளையில்தான் வளாகத்தின் வாயிலில் மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் ஒன்று உறுமியது. அருகே உதயரூபனின் அக்கா கண்ணகை சேற்றுக் காலோடு நின்றார். முகத்துவாரத்தை அடைத்துக் கிடந்த மணலை வெட்டினால் வயல் வெள்ளம் கடலுக்கு ஓடும். மணலுக்குப் போகும் வழியோ இவ்வளாகத்தின் ஊடாக மட்டுமே.

"தம்பி, கேற்றத் திறடா! வயல் வட்டையெல்லாம் வெள்ளம். வெட்டுற மெசின் இறங்க ஒண்ணாம கையால அறுத்துப் போட்ட நெல்லுக்கதிர் உப்பட்டியெல்லாம் மிதக்குது."

"அக்கா, இது மரபுக் கல்லுப் பதிச்ச பாதை. பாரமான வாகனம் ஏறப்படா."

"ஒல்லாந்தன் பீரங்கி இழுத்த பாதைடா இது!"

"அது பழைய கல்லு. இது போன வருசம் பதிச்ச பழைய கல்லு. சங்கத்தக் கூட்டிக் கேக்கிறன், மறுகா வாங்க."

"மறுகா வந்து என்னத்த அள்ள? சேத்தையா?"

சங்கம் கூடியது. "மணல வெட்டினாத் தண்ணி வடியும். வடிஞ்சாச் சேறு தெரியும். சேத்தப் பாத்துக்கொண்டு ஆரு கோப்பி குடிப்பான்?" என்று கோப்பிக்கடை சுஜீவன் தர்க்கம் நிறுவினார். 'வெள்ளம்' என்ற கடுஞ்சொல்லை நீக்கி 'நீர்நிறைவு' என்று எழுதும்படி ஒருவர் திருத்தம் கொணர்ந்தார். ஆண்டுதோறும் அக்காவின் புது அரிசி தம் வீட்டுக்கு வருவதை நினைத்து உதயரூபனின் நெஞ்சு சற்றே தயங்கியது. கை தயங்கவில்லை. 'பொதுநலன் கருதி' வாயில் மூடப்பட்டது.

மூன்றாம் நாள் நீர்நிறைவு, வளாகத்தின் நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்தைப் பார்வையிட வந்தது. சுஜீவனின் புதுக் கார் மிதந்த கணத்தில், அது 'வெள்ளம்' என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. கற்கள் தம் மரபை மறந்தன. வாயில் திறந்தது, பெக்கோ பாய்ந்தது, மணல் பிளந்தது, வாவி கடலை நோக்கி விரைந்தது.

மாலையில் மாடங்களில் கைதட்டல். நீரின்மேல் ஏதோ பொன்னிறமாய் மிதந்து வருவதை விருந்தினர் படமெடுத்தனர்.

உதயரூபனின் மனைவி கஜானி உள்ளிருந்து கேட்டாள்: "இஞ்சாருங்க, மச்சாள் இந்த முறை புது அரிசி அனுப்பல்லயா?"

உதயரூபன் மாடத்திலிருந்து குனிந்து பார்த்தார். முளைவிட்டு அழுகிய நெல் உப்பட்டிகள், பழைய வழக்கப்படியே, கிட்டங்கியை நோக்கி வந்துகொண்டிருந்தன.

"அனுப்பிட்டா," என்றார். "வாசல் வரைக்கும் வந்தது. நாமதான் கேற்றத் திறக்கல்ல."