பின்புறம் இல்லாத வீடு

நகராட்சி அலுவலகம் தனக்கு இழைத்த அநீதிகளை, ஊரார் 'முழக்கம்' என்று அழைக்கும் பெரியவர் வரிசை பிசகாமல் சொல்வார். முதலாவது, கட்டட அனுமதிக்குக் கொடுத்த வரைபடம் நீல மையில் இருந்ததால் திரும்பி வந்தது. இரண்டாவது, கறுப்பு மையில் கொடுத்தபோது நீலத்தில் கேட்டார்கள். மூன்றாவது, வரைபடத்தில் வடக்கு மேலே இல்லையாம். வீட்டைக் கொஞ்சம் திருப்ப முடியுமா என்று விசாரித்தார்கள். நான்காவதற்குள் கேட்பவர்கள் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

அவர் மாளிகையா கேட்டார்? சுவரோடு சுவர் ஒட்டிய பழைய வீட்டு வரிசையில் நடுவீடு அவருடையது. கழிவறை மாடியில். இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து மனைவி உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக மேலே நகர்கிறார். அவர் கேட்டது சமையலறைக்குப் பின்னால் எட்டடிக்கு ஆறடியில் ஒரு கழிவறை. அவ்வளவுதான்.

ஒருநாள் மேற்பார்வையாளர் கோப்புடன் நேரில் எழுந்தருளினார். சாட்சிகளாக இடப்பக்கத்து வீட்டுத் தையற்காரரும் வலப்பக்கத்து மருந்துக்கடைக்காரரும் வந்து நின்றார்கள்.

"பின்புறத்தைக் காட்டுங்க."

"இதோ." சமையலறைக்குப் பின்னால், சந்துப் பக்கமாக இருந்த வெற்றிடத்தை முழக்கம் காட்டினார்.

"இது முன்புறமாச்சே. தெருவைப் பார்த்த பக்கமெல்லாம் முன்புறம். விதி அப்படி."

"அப்ப வாசல் பக்கம்?"

"அதுவும் முன்புறம்தான். உங்க வீட்டுக்குப் பின்புறமே கிடையாது. இல்லாத இடத்துல கட்டறதுக்கு எப்படிங்க அனுமதி தர்றது?"

"முதுகுப்பக்கம் இல்லாத சட்டையை நான் தைச்சதே இல்லப்பா" என்றார் தையற்காரர்.

மூன்றாம் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த மனைவி குரல் கொடுத்தார்: "ஏங்க, பின்புறமே இல்லாதவங்களுக்குக் கழிவறை எதுக்குன்னு கேக்கறாரு போல!"

முழக்கத்துக்கு, எதற்கெல்லாம் போராடினோம் என்றே மறந்துபோன பழைய ரத்தம் கொதித்தது. மேடைக் குரல் தானாக வந்தது.

"இது தெருவாய்யா? குப்பை கொட்டற சந்து! இதைத் தெருவாக்கின அறிவாளி யாரு? பேரைப் படிங்க, சாட்சிங்க கேக்கட்டும். நாளைக்கே அவன் வாசல்ல உண்ணாவிரதம்!"

மேற்பார்வையாளர் கோப்பைப் புரட்டி, தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்:

"மேற்படி சந்தினைத் தெருவாக அறிவிக்கக் கோரி நடைபெற்ற பதினெட்டு நாள் உண்ணாவிரதம். ஆதரித்துக் கையொப்பமிட்டோர், தையற்காரர், மருந்துக்கடைக்காரர்."

சாட்சிகள் இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

"பழரசம் கொடுத்து முடித்துவைத்தவர்..." குரல் சற்றே இறங்கியது. "அப்போதைய எழுத்தர், அதாவது நான். உண்ணாவிரதம் இருந்து அலுவலகத்தைப் பணியவைத்த மாவீரர்..."

"சத்தமாப் படிங்க!" என்றார் மனைவி படியிலிருந்து.

"முழக்கம்."