மந்திரி சிரிக்கவில்லை

"எந்த உறைக்குள்ள எதை வச்சீங்க?" என்று மனைவி மில்லிசென்ட் கேட்டபோது, சர் கில்பர்ட் ஹாத்தர்லி டோஸ்டில் மார்மலேட் தடவிக்கொண்டிருந்தார். கத்தி அப்படியே நின்றது.

ஹெல்சிங்கியில் பிரிட்டிஷ் தூதராக நான்கு வருடம் ஓட்டியவர் அவர். கிளம்புகிற தூதர் இரண்டு கடிதம் எழுதியாக வேண்டும். ஒன்று, அந்த நாட்டு வெளியுறவு மந்திரிக்கு. ஒரே பக்கம், முழுக்கச் சர்க்கரைப் பாகு. இன்னொன்று, லண்டனுக்கு. மனசில் இருப்பதையெல்லாம் கொட்டித் தீர்க்கும் ரகசிய அறிக்கை. சர் கில்பர்ட் பதினோரு பக்கம் கொட்டியிருந்தார். நேற்று இரண்டையும் தன் கையாலேயே உறையிலிட்டு அரக்கு வைத்து அனுப்பினார். அப்போது வானொலியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது.

"ஞாபகம் இல்லை, மில்லி."

"ரொம்ப நல்லாருக்கு. வெள்ளிக்கிழமை காகிதம் வாங்குற ஒப்பந்தத்துல அந்த மந்திரிதானே கையெழுத்துப் போடணும்?"

அவரேதான். மந்திரி லெஹ்டோவாரா. கையெழுத்து விழுந்தால் சர் கில்பர்ட்டுக்கு அடுத்து பாரிஸ். விழாவிட்டால் ஊரோடு போய் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதுதான்.

மந்திரியின் செயலாளர் திருமதி சால்மிக்குப் போன் போட்டார்.

"எங்க கடிதம் வந்துதா, மேடம்?"

"வந்தது."

"மந்திரி படிச்சாரா?"

"படிச்சார்."

"ஏதாவது சொன்னாரா?"

"இல்லை."

"சிரிச்சாராவது?"

"சிரிக்கலை."

சர் கில்பர்ட் போனை வைத்தார். நன்றிக் கடிதம் படிக்கிறவன் ஒப்புக்காவது சிரிக்க மாட்டானா? அவர் ஊரில் சிரிப்பான். போனது பதினோரு பக்கம்தான், சந்தேகமே இல்லை.

உடனே ஒரு குறிப்பு அனுப்பினார்: 'மூன்றாம் பக்கத்தைப் பொருட்படுத்த வேண்டாம்.' அரை மணி கழித்து யோசித்தார். அப்படியென்றால் மற்றதெல்லாம் சரி என்று ஆகிவிடுமே? 'ஐந்தாம் பக்கத்தையும்' என்று இன்னொன்று போயிற்று. சாப்பாட்டுக்குப் பிறகு 'ஏழு முதல் பதினொன்று வரையும்' போயிற்று. கூடவே ஒரு பெட்டி விஸ்கி.

"நீங்க சும்மா இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்," என்றாள் மில்லிசென்ட்.

மாலையில் பதில் வந்தது. 'நாளை மதியம் ஏரி வீட்டுக்கு வாருங்கள். சவுனா.'

மறுநாள் மதியம், நீராவிக் குளியலுக்கான கொதிக்கிற மர அறைக்குள் இருவரும் பிறந்த மேனியாக உட்கார்ந்திருந்தார்கள். மந்திரி சூடான கற்கள்மேல் தண்ணீரை ஊற்றினார். ஆவி எழுந்தது. மறுபடி ஊற்றினார். ஏழாவது நிமிடம் சர் கில்பர்ட் உடைந்துபோனார்.

"மரக்கட்டைகூட உங்களைவிட நாலு வார்த்தை அதிகம் பேசும்னு எழுதினது தப்புதான்."

மந்திரி மெல்லத் திரும்பிப் பார்த்தார். "வேற?"

"உங்க ஊர் மீன் ரொட்டியைப் பழைய பூட்ஸுன்னு சொன்னது."

"வேற?"

"போன வருஷம் உங்க பேச்சுல தூங்கினவங்க பட்டியல்ல உங்க பேரையும் சேர்த்தது."

மந்திரியின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று சர் கில்பர்ட் பயந்தார். மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான்கு வருடத்தில் முதல் சிரிப்பு.

"எதைச் சொன்னாலும் 'மிக்க மகிழ்ச்சி'ன்னீங்க. அப்படிப்பட்ட ஆளை எப்படி நம்புறது? வெள்ளிக்கிழமையும் சாக்குச் சொல்லித் தள்ளிடலாம்னுதான் இருந்தேன். பேனா இருக்கா?"

வீட்டிலிருந்த ஒப்பந்தத்தை எடுத்து வரச்சொல்லி, ஏரிக்கரையில் துண்டோடு நின்றே கையெழுத்துப் போட்டார். பத்து வருடம் என்றிருந்ததை அடித்து இருபது ஆக்கினார்.

காரில் கொடி படபடக்க சர் கில்பர்ட் திரும்பினார். தூதரகமே வாசலில் கைதட்டியது. மில்லிசென்ட் எல்லோர் முன்னாலும் அவருக்கு முத்தம் கொடுத்தாள். ஷாம்பெயின் மூடி பறந்தது. சந்தோஷத்தில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"எல்லாம் அந்த உறை மாறினதால வந்த அதிர்ஷ்டம்," என்று கோப்பையை உயர்த்தினார்.

தந்திப் பிரிவு மிஸ் ஆக்டன் ஒரு தாளோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"லண்டன்லேர்ந்து, சார். உங்க பதினோரு பக்கமும் பத்திரமா வந்து சேர்ந்துதாம். மரக்கட்டையைப் படிச்சு ஆபீஸே சிரிக்குதாம். மந்திரி காதுக்கு மட்டும் போயிடாம பாத்துக்கச் சொல்றாங்க."