அணுமின் நிலையத்துக்கு மூன்று கடிதங்கள்

“இந்தப் பதில் சுத்த மழுப்பல். அடுத்த கடிதத்தைக் கொஞ்சம் காரமா எழுதும்மா” என்றாள் வீட்டுக்காரம்மா.

மாடியில் குடியிருப்பவள் தலையாட்டினாள். அந்த மழுப்பலைப் போன வாரம் அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதியவளே அவள்தான். ஊருக்கு வெளியே இருந்த அணுமின் நிலையத்தில் மூன்று வருடம் கோப்பு அடுக்கியவளை, போன மாதம்தான் பொதுமக்களின் கடிதங்களுக்குப் பதில் எழுதும் மேசைக்கு மாற்றியிருந்தார்கள். உண்மையைச் சொன்னால் இந்தத் தெருவில் வீடு கிடைக்காது என்று, குடிநீர் வாரியத்தில் எழுத்தர் வேலை என்று சொல்லிக் குடிவந்தாள். எழுத்தர் என்றதும் தெருச் சங்கம் நிலையத்துக்கு அனுப்பும் தன் கடிதங்களை அவள் தலையில் கட்டிவிட்டது.

மறுத்தால் சந்தேகம் வரும். முதல் கடிதத்தைச் சப்பென்று எழுதி, அதைவிடச் சப்பென்று பதிலும் போட்டாள். தெருவின் கோபம் ஏறியதுதான் மிச்சம்.

“என்ன எழுதட்டும்க்கா?”

“எரிஞ்ச எரிபொருளை எங்க வெச்சிருக்காங்க? அபாயச் சங்கு ஊதினா எந்தப் பக்கம் ஓடணும்? கரண்ட் ஊருக்கெல்லாம், பயம் மட்டும் எங்களுக்கா? அப்படியே கேளு.”

பேனா நின்றது. இந்த மூன்று வருடத்தில் இதில் ஒன்றைக்கூட அவள் யாரிடமும் கேட்டதில்லை. இவர்களைப் பயந்தாங்கொள்ளிகள் என்று நினைத்திருந்தாள். தான் கேட்காமல் இருந்ததற்குத் தைரியம் என்று பெயர் வைத்திருந்தாள்.

மறுநாள் தன் கேள்விகளைத் தூக்கிக்கொண்டு பொறியாளர் பொறியாளராக அலைந்தாள். எரிந்த எரிபொருள் நிலையத்துக்குள்ளேயே ஆழமான தண்ணீர்த் தொட்டியில் கிடக்கிறது, எத்தனை காலத்துக்கு என்பது இன்னும் முடிவாகவில்லை என்று உள்ளதை உள்ளபடி எழுதினாள். புகையில்லாமல், இரவு பகல் நிற்காமல் வரும் மின்சாரத்தின் அருமையையும் எழுதினாள். முதல்முறையாக அது அவளுக்கே விளம்பரமாகப் படவில்லை.

சங்கத்தில் அதை வாசித்துக் காட்டியதும் அவளேதான். கூட்டம் காது கொடுத்துக் கேட்டது. தப்பித்தோம் என்று மூச்சு விட்டாள்.

“இப்பத்தான் வழிக்கு வர்றாங்க. நேர்ல வரச் சொல்லி எழுதும்மா!”

எழுதினாள். அலுவலகத்தில் அதைப் படித்த மேலாளர் நிமிர்ந்தார். “யாரோ விவரமான ஆளு. பார்த்தே ஆகணும். நாம ரெண்டு பேருமே போயிடலாம் மேடம்.”

ஞாயிற்றுக்கிழமை, தன் வீட்டு வாசலிலேயே அலுவலகக் காரிலிருந்து இறங்கினாள். சங்கம் மொத்தமும் முற்றத்தில் காத்திருந்தது. வேலை, வீடு இரண்டில் ஒன்று போவது நிச்சயம். இரண்டும் போகலாம்.

“கடிதம் எழுதினவங்க யாருங்க?” என்றார் மேலாளர்.

“நான்தான் சார்.” வீட்டுக்காரம்மா பக்கம் திரும்பினாள். “பதில் எழுதினதும் நான்தான்க்கா. பொய் சொல்லிக் குடிவந்துட்டேன். ஒரு வாரத்துல காலி பண்ணிடறேன்.”

மேலாளர் கையிலிருந்த கடிதத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். எந்தக் கூட்டத்திலும் வாயே திறக்காத வீட்டுக்காரர், அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக் கேட்டார்.

“எதுக்கும்மா காலி பண்ணணும்? எட்டு வருஷமா நாங்க கேட்டும் பதில் வரலைன்னுதானே, அங்க வேலை பார்க்கிற ஆளாத் தேடி வீடு குடுத்தோம்!”