'எப்போதும்' என்று டிக் அடித்த நான்

தங்களைப் பற்றிப் படிவம் நிரப்பச் சொன்னால் மனிதர்கள் கூசாமல் பொய் சொல்வார்கள். நானே சாட்சி.

சில ஆண்டுகளுக்கு முன் செங்கல்பட்டில் எம்.எஸ்சி. உளவியல் படித்தேன். என் ஆய்வு, கல்லூரி மாணவர்களின் மனஉறுதி பற்றியது. ஆறு வாரம் நாயாய் அலைந்து நூறு பேரிடம் கேள்விப் படிவம் நிரப்பி வாங்கியிருந்தேன். திங்கட்கிழமை கொடுக்காவிட்டால் ஒரு வருடம் வீண். 'தோல்வி வந்தால் உடனே எழுந்துவிடுவேன்' என்ற வரிக்கு என் படிவத்தில் 'எப்போதும்' என்று டிக் அடித்திருந்தேன் (அதுவரை நான் கண்ட பெரிய தோல்வி, கேரம் போட்டி).

வியாழக்கிழமை காலை படிவப் பையோடு மின்சார ரயிலில் ஊரப்பாக்கம் அறைக்குத் திரும்பினேன். கூடவே அறைத்தோழி செல்வி, சதுரங்கப்பட்டினத்து மீனவர் வீட்டுப் பெண். என் எதிரிலேயே அந்த வரிக்கு 'இல்லவே இல்லை' என்று போட்டவள். பாவம், மனஉறுதியே இல்லையே என்று இரக்கப்பட்டு வழிநெடுக அவளுக்கு வகுப்பெடுத்தேன். இறங்கிய பிறகும் வாய் ஓயவில்லை. ரயில் நகர்ந்த பிறகுதான் கை காலி என்பது உறைத்தது. பை மட்டும் தாம்பரம் போய்க்கொண்டிருந்தது.

மனஉறுதி ஆய்வாளர் என்ன செய்தார்? பிளாட்பாரத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து, மூக்கு ஒழுக, ஓவென்று அழுதார். சுண்டல்காரர்கூடத் தள்ளிப் போனார். செல்விதான் நிலைய அதிகாரியிடம் ஓடினாள். தாம்பரத்தில் தேடியும் பை கிடைக்கவில்லை என்றார்கள். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அய்து முடி. அப்பால போய் மறுபடி எய்தி வாங்கலாம். இன்னும் மூணு நாள் கீது."

"நீ 'இல்லவே இல்லை'ன்னு போட்டவதானே?" என்றேன் விசும்பலுக்கு நடுவே.

"ஒடனேன்னு கேட்டிருந்தியே. எங்கப்பா வலை கிழிஞ்சி வந்தா, எங்கம்மா மொதல்ல ஒரு பாட்டம் அய்வும். அப்பால ஊசி எடுக்கும். நானும் அப்டித்தான். பொய்யா எய்த சொல்றே?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. துப்பட்டாவில் மூக்கைத் துடைத்துக்கொண்டு செல்வியோடு எதிர்த்திசை ரயிலில் ஏறினேன். விடுவதாக இல்லை. கேன்டீன், பேருந்து நிறுத்தம், விடுதி வாசல் என்று எல்லாரையும் மறுபடி மடக்கினோம். என்னைக் கண்டதும் சிலர் ஓடினார்கள், துரத்தினேன். ஞாயிறு மாலை நூறாவது படிவம் கைக்கு வந்தது. என்னுடையதில் இம்முறை 'இல்லவே இல்லை' என்று போட்டேன்.

என் கல்யாணத்தில் செல்வி இதை மைக் இல்லாத குறையாகச் சொல்லிவிட்டாள். இன்றும் பால் பொங்கி வழிந்தாலும், மிக்ஸி புகைந்தாலும் கணவர் எட்டிப் பார்த்து, "மேடம், எப்போதுமா?" என்பார்.

"இருங்க, ஒரு பாட்டம் முடியட்டும்," என்பேன்.